பஞ்சாக அமுங்கிய வலது பிரேக் ஒருவழியாகக் கெட்டியானது

கிட் வாங்கி நாமே கட்டும் இரண்டு இருக்கை விமானமான ஆர்வி-7ஏ-யில் வலது இருக்கைக்குப் போட்ட பிரேக், மூன்றாவது தடவை ஏர் எடுத்த (எண்ணெயில் சிக்கிய காற்றை வெளியேற்றிய) பிறகுதான் பிடித்தது. முதல் இரண்டு தடவையும் காலை வாரியது எண்ணெயும் இல்லை, சீலும் இல்லை. பெடலை மிதித்ததும் எண்ணெயை அழுத்தும் இரண்டு மாஸ்டர் சிலிண்டர்களுக்கும் (பைலட்டுடையது ஒன்று, வலது இருக்கையுடையது ஒன்று) நடுவில் ஓடும் குட்டி ஹோஸ்தான்.

இந்த விமானத்தைத் தயாரிக்கும் வேன்ஸ் நிறுவனத்தின் கிட்டில் வலது பிரேக் கட்டாயமில்லை, தனியாக வாங்கவேண்டிய உதிரி. ஆனால் ஏ மாடலில் மூக்குச் சக்கரம் தன்போக்கில் திரும்பும். தரையில் மெதுவாக உருளும்போது திசை மாற்ற ஒருபக்க பிரேக்கை மிதிப்பதுதான் வழி. பயிற்றுநர் அந்தப் பக்கம் உட்கார்ந்தால் பிரேக் இல்லாமல் என்ன செய்வார்? இதை ஆடம்பரம் என்று சொல்வது தவறு.

குழாய்ப் பாதை தெரிந்ததுதான்: ரிசர்வாயரிலிருந்து (எண்ணெய்த் தொட்டி) வலது இருக்கை சிலிண்டரின் மேல்துளை, அதன் கீழ்த்துளையிலிருந்து பைலட் சிலிண்டரின் மேல்துளை, அதன் கீழ்த்துளையிலிருந்து சக்கரம். வலது ஆள் மிதிக்கும் அழுத்தம் முழுக்க பைலட் சிலிண்டருக்குள் புகுந்துதான் போகும். அதனால் தலையிலேயே எண்ணெய்க் கிண்ணம் வைத்த சிலிண்டரை பைலட் பக்கம் போடவே கூடாது.

இப்போது கோளாறு. பைலட் பெடல் கல் மாதிரி நிற்கிறது, வலது பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. பைலட் மிதித்ததும் அவர் சிலிண்டரின் உள்வழி மூடிக்கொள்ளும். அதற்கு மேலே காற்று இருந்தாலும் அவர் காலுக்குத் தெரியாது. ஆக, காற்று இருப்பது இரண்டு சிலிண்டருக்கு இடைப்பட்ட பகுதியில் அல்லது வலது சிலிண்டருக்குள். சக்கரத்தில் இருக்கும் பிரேக் பிடியான காலிப்பரைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பது வீண் வேலை.

காலிப்பர் நிப்பிளிலிருந்து (காற்று எடுக்கும் திருகு முனை) மேல்நோக்கி எண்ணெய் ஏற்றும்போது எல்லா இடத்திலும் காற்று தானாக மேலே போகும். இந்த ஒரு ஹோஸில் மட்டும் எண்ணெய் பைலட் சிலிண்டரின் உச்சியிலிருந்து அடுத்த சிலிண்டரின் அடிக்கு இறங்கவேண்டும். குமிழி இறங்காது, உச்சியிலேயே உட்கார்ந்துகொள்ளும். போதாததற்கு ஹோஸ், சிலிண்டரில் அதை மாட்டும் வளைந்த இணைப்பான எல்போவுக்கு மேலே வில் மாதிரி வளைந்திருந்தது. எண்ணெய் கேனை நிதானமாக அமுக்கினால் எண்ணெய் குமிழிக்கு அடியில் நழுவிப் போய்விடும். ஸ்டீல் பின்னல் ஹோஸ் வேறு; உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. பழைய நைலான் குழாயில் இந்த ஒரு வசதி இருந்தது.

எல்போவைத் திருப்பி ஹோஸைத் தாழ்த்தியதும் பாதி தீர்ந்தது. எல்போவின் 1/8 என்பிடி மரை (குழாய் இணைப்பு மரை) கூம்பு என்பதால், திசைக்காகப் பின்னால் திருப்பினால் கசியும். கையால் இறுக்கி, மேலே ஒன்றரை முதல் இரண்டரைச் சுற்றுக்குள் திசை அமையவேண்டும். அதற்கு மேல் முறுக்கினால் அலுமினிய உடம்பு விரிசல் விடும். டெஃப்லான் டேப் வேண்டாம், ஒரு நூல் பிய்ந்தால் உள்துளை அடைபடும். முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு சீலன்ட் பசை தடவினால் போதும்.

மீதிப் பாதி: கீழிருந்து எண்ணெய் ஏறிக்கொண்டிருக்கும்போதே பைலட் சிலிண்டரின் மேல் நட்டை அரைச்சுற்று தளர்த்தவேண்டும். புசுபுசுவென்று நுரை வந்தது, பிறகு சுத்தமான சிவப்பு எண்ணெய். உடனே இறுக்கிவிட்டு, நிறுத்தாமல் வேகமாக ஏற்றி, ரிசர்வாயரில் குமிழி நிற்கும்வரை விடவில்லை. ஒரு குவார்ட் 5606 (விமான ஹைட்ராலிக் எண்ணெய், சிவப்பு நிறம்) தாராளம். கார் பிரேக் எண்ணெயான டாட் 3 ஊற்றினால் நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங் உப்பிக் கெட்டுவிடும்.

ஏற்றும்போது கேன் திடீரென்று முரண்டினால் பைலட் பெடல் முழுசாகத் திரும்பி வரவில்லை, உள்வழி மூடியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் வலது பிரேக் வேலை செய்யாது. சூட்டில் விரியும் எண்ணெய் திரும்ப வழியில்லாமல் பிரேக் தானாகப் பிடிக்கும். அதனால் பெடல் முழுசாகத் திரும்ப, சிலிண்டர் தண்டின் மேல் வெளி ஸ்பிரிங் மாட்டியாயிற்று.

பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே கட்டை முட்டுக்கொடுத்து, ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளை டிஷ்யூ சுற்றி ஒரு இரவு விட்டதில் ஒன்றில்கூடச் சிவப்பு இல்லை. அடுத்தது பார்க்கிங் பிரேக் வால்வு, பைலட் சிலிண்டருக்கும் சக்கரத்துக்கும் நடுவில். அதற்குமுன், ஏஎன்3 போல்ட்டுகளில் நட் கழலாமல் தடுக்கும் கோட்டர் பின் பாக்கி. ரட்டரை முழுக்கத் தள்ளி அதே காலில் பிரேக்கையும் மிதித்து, பெடல் நுனி ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) முட்டுகிறதா என்றும் இன்னும் பார்க்கவில்லை.