துரைக்கு முன்னால் இறங்காத சைக்கிள்

"துரையைக் கண்டா சைக்கிள விட்டு இறங்கி நிக்கணும். எங்கப்பா ஒருநாள் இறங்கல."

இன்று சாயங்காலம், மலேசியாவின் பந்திங். பாட்டியிடம் அண்ணன் மகள் சரித்திரப் பாடத்துக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லும்போதே பாட்டியின் இரண்டு கையும் இல்லாத ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தன.

"எந்த வருஷம் பாட்டி?"

"ஜப்பான்காரன் வர்றதுக்கு முந்தி."

1941 கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தம் நினைவுக்கு வந்தது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். துரைக்கு, அதாவது தோட்டத்து வெள்ளைக்கார மேலாளருக்கு, முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் கோரிக்கைதான். வேலைநிறுத்தத்தின் தலைவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் செத்தார்கள்.

அரசாங்கக் காகிதங்களில் தேதி இருக்கும். யார் தூண்டிவிட்டது என்ற விசாரணை இருக்கும். ஏன் இறங்கவில்லை என்பது பாட்டியிடம் இருக்கிறது. அதற்காகப் பாட்டி சொன்னதை அப்படியே எழுதிவிடவும் முடியாது. அவர் அப்பா வேலை செய்தது எந்தத் தோட்டம், அங்கே வேலைநிறுத்தம் நடந்ததா, எல்லாம் பார்க்கணும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்பதைத்தான் வரலாறு படிப்பது என்று நினைக்கிறேன்.

பிள்ளை அடுத்து கேட்டாள்: "இறங்காததுக்கு என்ன பண்ணாங்க பாட்டி?"

பந்திங், கிள்ளான் பக்கம் அந்தக் காலத்துக் கதை தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். தோட்டத்தின் பெயரையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.