பிறர் கண் வேண்டாத இசைத்தாள்

பார்வையற்றவர் இசை கற்கக் காது மட்டும் போதும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கேட்டு வாசிப்பது ஒரு திறன்; எந்தச் சுரம் எவ்வளவு நீள்கிறது, இடது கை எங்கே ஓய்கிறது என்பதையெல்லாம் எழுத்திலிருந்து தானே படித்தறிவது வேறொரு திறன். இந்த இரண்டாவதை எங்களுக்குத் தந்தவர், விரலால் தடவிப் படிக்கும் ஆறு புள்ளி எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயில். 1829-இல் அவர் வெளியிட்ட நூலிலேயே இசையை எழுதும் முறையும் இருந்தது. இன்று வழக்கில் உள்ள முறையில், ஆறு புள்ளிகளுள் மேல் நான்கும் சுரத்தின் பெயரையும், கீழ் இரண்டும் அதன் கால அளவையும் குறிக்கின்றன. 1, 4, 5 ஆகிய புள்ளிகள் 'சி' என்ற சுரத்தின் குவேவர், அதாவது அரை பீட் நீளும் சுரம். அவற்றோடு ஆறாம் புள்ளி சேர்ந்தால் அதே 'சி' கிராட்செட், அதாவது அதைப்போல் இரு மடங்கு நீளும் சுரம்.

ஆனால் பிரெயிலில் எழுதியதைப் பார்வையுள்ள கலைஞர்களிடம் சேர்ப்பதற்கு நெடுங்காலம் இன்னொருவரின் கண் தேவைப்பட்டது. பார்வையற்ற ஸ்பானிய இசையமைப்பாளர் ஹோவாக்கின் ரோட்ரிகோ பிரெயிலில் இயற்றியவற்றை உதவியாளருக்குச் சொல்லச் சொல்ல, அவர் தாளில் எழுதினார். கணினி வந்த பின்பும், திரையில் தெரியும் இசைத்தாள் வெறும் படமாக இருந்தவரை, திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானுக்கு அங்கே படிக்க எதுவும் இருக்கவில்லை.

நான் அன்றாடம் பயன்படுத்தும் மியூஸ்ஸ்கோர், இசைத்தாள் எழுதுவதற்கான இலவச மென்பொருள். 'என்' விசையை அழுத்தி, கிராட்செட்டுக்கு 5 கொடுத்து, சுரத்தின் ஆங்கில எழுத்தைத் தட்டினால் சுரம் பதிவாகிவிடும். சுட்டியைத் தொடவே வேண்டியதில்லை. அம்புக்குறி விசையால் நகரும்போது, சுரம், கால அளவு, எத்தனையாவது பார், எந்த பீட் என்பனவற்றை என்விடிஏ என்ற திரைவாசிப்பான் படித்துச் சொல்கிறது. 2023-இல் வந்த மியூஸ்ஸ்கோர் 4.1 பதிப்பில், இசையைப் பிரெயிலில் காட்டும் பலகமும் சேர்ந்தது. எனக்கு இதுவே பெரிய மாற்றம். பேச்சு ஒவ்வொரு சுரமாகச் சொல்லி நகர்ந்துவிடும்; புள்ளிகள் எழும்பித் தாழும் பிரெயில் காட்சிக் கருவியிலோ விரலைப் பின்னே கொண்டுசென்று, ஹார்மனிப் பயிற்சியில் ஒரு குரல் எங்கே தவறியது என்று நிதானமாகத் தேடலாம்.

குறையும் உண்டு. பாடல் வரியும், ஒலி உரக்கவா மெதுவாகவா என்று காட்டும் டைனமிக்ஸ் குறியும் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதைத் திரைவாசிப்பான் சொல்லி நான் கேட்டதில்லை. அச்சுக்குப் போகும் முன் அதற்கு மட்டும் பார்வையுள்ள நண்பரை நாட வேண்டியிருக்கிறது. இசை மென்பொருள் எழுதுபவர்கள் அடுத்துக் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். பாடத்தை பிடிஎஃப் கோப்பாக அனுப்பினால் பார்வையற்ற மாணவருக்கு அது மீண்டும் படமாகவே போய்ச் சேர்கிறது. இசை மென்பொருள்களில் கோப்பை ஏற்றுமதி செய்யும் இடத்திலேயே சுரங்களைப் படமாக அல்லாமல் தரவாகச் சேமிக்கும் மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற தெரிவும் பெரும்பாலும் இருக்கும். அந்தக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். குட்ஃபீல், சாவ் மாய் பிரெயில் போன்ற மென்பொருள்களால் மாணவர் அதைத் தாமே பிரெயில் இசையாக மாற்றிக்கொண்டு வகுப்புக்கு வருவார்.