அப்பாவின் கொறங்காட்டைப் பாகம் பிரித்த அனுபவம்

மூலனூர் பக்கம் காங்கேயம் மாடு வைத்துப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. அப்பா போன பிறகு காடு, கிணறு, மாடு எல்லாவற்றையும் அம்மாவும் பிள்ளைகள் மூன்று பேருமாகப் பாகம் செய்து, பத்திரம் பதிந்து, பட்டா வாங்கினோம். அதில் நாங்கள் பட்டதை எழுதி வைத்தால் மேய்ச்சல் காடு வைத்திருக்கும் யாருக்காவது உதவும். ஏனென்றால் பாகப்பிரிவினைக்கு யோசனை சொல்கிற எல்லோரும் வயலையும் மனையையும் மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள், கொறங்காட்டுக்கு அந்தக் கணக்கு சரிவராது.

கொறங்காடு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர், அப்படியே கரூர் பக்கம் வரை மழை குறைந்த மேட்டுக்காட்டை மேய்ச்சலுக்கென்றே விட்டு, சுற்றிலும் முள்கிளுவையை உயிர்வேலியாக அடைத்து வைத்திருப்போம். தரையில் கொழுக்கட்டைப் புல், ஊடே வெள்வேல மரங்கள். புல் தீர்ந்த கோடையில் வெள்வேலங்காய் உதிரும், ஆடும் மாடும் அதைத் தின்று நாளைத் தள்ளும். வேலி அடைசலாக இருந்தால் மேய்க்க ஆள் வேண்டாம், இரவிலும் மாடு உள்ளேயே கிடக்கலாம். ஒரு காட்டில் மேயும்போது இன்னொன்று ஓய்வில் இருந்து புல் தழைக்க வேண்டும். இந்தச் சுற்று ஓடுகிற வரைக்கும்தான் அது கொறங்காடு. ஆளுக்கு ஒரு துண்டு என்று குறுக்கே கோடு போட்டால் மூன்று பேரில் ஒருவர்கூட மாடு வைக்க முடியாது.

அப்பா பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிடக் கட்டுத்தறியில் இருந்ததுதான் அதிகம். தாத்தா காலத்தில் கிணற்றிலிருந்து கவலை (மாடு பூட்டித் தண்ணீர் இழுப்பது) இறைத்தது, உழுதது, வண்டி இழுத்தது எல்லாம் காங்கேயம் எருதுகள். மோட்டாரும் டிராக்டரும் வந்த பிறகு அக்கம்பக்கத்தில் ஒவ்வொருவராக மாட்டை விற்றார்கள், அப்பா விற்கவில்லை. நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் பால் கறக்கிற மாட்டை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்று அவருக்கும் தெரியும். பால் சங்கத்துக்கு ஊற்றத் தனியாக ஜெர்சிக் கலப்பு மாடு வைத்திருந்தார். காங்கேயத்தில் காசு என்பது கன்றில்தான். செவலையாக (செம்பழுப்பு நிறம்) பிறக்கிற கன்று ஆறு மாதத்தில் மயிலையாக (சாம்பல் நிறம்) மாறும்போதே எது சந்தைக்குப் போகும், எது வீட்டில் நிற்கும் என்று சொல்லிவிடுவார். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோவில் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார், மாட்டின் உடம்பில் இருக்கும் மயிர்ச்சுழி பார்க்கத் தெரியாமல் பணத்தை நீட்டுகிறவரிடம் நின்று விளக்கமும் சொல்வார். அக்கா கல்யாணச் செலவில் பெரும்பகுதி ஒரு ஜோடி மயிலைக் காளை விற்ற பணம். 2014-ல் ஜல்லிக்கட்டுக்கும் ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்கும் தடை வந்து, காளைக்கன்றைக் கேட்டு வாசலுக்கு வருகிற ஆட்கள் குறைந்தபோதும் பூச்சிக்காளையை (இனவிருத்திக்கு வைத்திருக்கும் காளை) அவர் விற்கவில்லை. 2017-ல் சட்டத்திருத்தம் வந்த பிறகு அதே ஆட்கள் திரும்ப வந்தார்கள்.

சரி, காகிதத்துக்கு வருகிறேன். முதலில் இறப்புச் சான்று, அதை வைத்து இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து வட்டாட்சியரிடமிருந்து வந்துவிட்டது. இது சுலபம்.

சிக்கல் பட்டாவில் இருந்தது. மேற்காலே இருக்கும் பெரிய காடு இன்னும் தாத்தா பெயரிலேயே கிடந்தது. அது அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம், உயில் எழுதவில்லை. 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாவுக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு உரிமை அத்தைக்கும் உண்டு. அதற்கு மேல் தாத்தாவின் இறப்பே பதிவாகியிருக்கவில்லை. ஓராண்டுக்கு மேல் தாமதமான இறப்பைப் பதிய வருவாய்க் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும், ஊரார் வாக்குமூலம், பதிவில் இல்லை என்ற சான்று எல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு அதிக காலம் பிடித்தது இந்த ஒன்றுக்குத்தான். உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே சிட்டாவில் (நில உரிமைப் பதிவேடு) யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள், இப்போது இணையத்திலேயே பார்க்கலாம்.

அத்தையிடம் அண்ணன் நேரில் போய்ப் பேசினார். பங்கு வேண்டுமா, பணம் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தோம், அவசரப்படுத்தவில்லை. "அந்தக் காட்டுல கன்னு மேச்சவ நானு, அதை உழுதுபோட மாட்டீங்கன்னா கையெழுத்துப் போடறேன்" என்றார். தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்கு ஈடாகக் கொஞ்சம் பணமும் ஒரு கிடாரியும் கொடுத்தோம். பாசத்தைக் காட்டி உரிமையைச் சும்மா எழுதி வாங்குகிற வழக்கம் எங்கள் பக்கம் நிறைய இருக்கிறது, எனக்கு அது பிடிக்காது.

எங்களுக்குள் பேசினதுதான் நிஜமான வேலை. அண்ணன் மாடு பார்க்கிறவர், நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன், அக்கா வெள்ளகோவிலில். ஏக்கரைச் சமமாக வகுத்தால் கோடு வேலியைக் கடந்து காட்டின் நடுவே போகிறது. சர்வேயர் புலப்படத்தை (நில அளவை வரைபடம்) விரித்துக் காட்டியபோது அம்மா ஒரே வார்த்தையில் முடித்தார்: "வேலி எங்க நிக்குதோ அங்கதான் பங்கு, கண்ணு." அப்படியே முழுக்காடு முழுக்காடாகப் பிரித்தோம். பரப்பில் வந்த வித்தியாசத்தை வெள்வேல மரங்களையும் பணத்தையும் வைத்துச் சரிக்கட்டினோம். கட்டுத்தறியும் வீடும் அம்மா பெயருக்கு. கிணறு, தண்ணீர்த் தொட்டி, இட்டேரி (வேலிகளுக்கு நடுவே மாடு போகும் பாதை) மூன்றும் பொது. இட்டேரியின் அகலத்தைக்கூடப் பத்திரத்தில் எழுதச் சொன்னோம், நாளைக்கு யாராவது விற்றால் மாடு போக வழி இல்லாமல் போய்விடக் கூடாது. பொதுவான மாதிரிப் பத்திரங்களில் இதெல்லாம் இருக்காது, கேட்டு எழுத வைக்க வேண்டும்.

செலவு: குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை என்றால் ஒவ்வொரு பங்குக்கும் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக்கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில் உயர்ந்த கணக்கு இது, போகும் முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாடு அசையும் சொத்து, அதைப் பத்திரத்தில் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் வெள்ளைத் தாளில் ஒவ்வொரு மாட்டின் காதுவில்லையில் இருக்கும் 12 இலக்க எண்ணையும் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அப்புறம் கால்நடை மருந்தகத்தில் சொல்லி உரிமையாளர் பெயரையும் கைபேசி எண்ணையும் மாற்றினோம். காப்பீடு கேட்கப் போனால் அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். பால் சங்க உறுப்பினர் பெயரும் அம்மாவுக்கு மாறியது. இத்தனை வருடம் விடிகாலையில் எழுந்து கறந்தவர் அவர், அட்டை மட்டும் அப்பா பெயரில் இருந்தது.

இப்போது அக்கா பங்கையும் என் பங்கையும் அண்ணன்தான் மேய்க்கிறார், வருடத்துக்கு ஒரு மேய்ச்சல் வாடகை பேசி எழுதியிருக்கிறோம். சூரியமின்சக்திக்கு நிலம் கேட்டு ஒரு தரகர் வந்தபோது அக்கா, "விக்கறதுன்னா மொதல்ல தம்பிங்களைக் கேக்கோணும்னு பத்திரத்துலயே இருக்குதுங்க" என்று அனுப்பிவிட்டார். அந்த வரியைச் சேர்க்கச் சொன்னதும் அக்காதான். உட்பிரிவுப் பட்டா எல்லாம் வந்துவிட்டது, கிணற்று மின் இணைப்பின் பெயர் மாற்றம் மட்டும் பாக்கி.