பேஸ்மென்ட்ல தலை இடிச்சு, வீட்டோட பூர்வீகம் தேடின கதை

அமெரிக்காவுல மில்வாக்கி ஊர்ல தெற்குப் பக்கம் ஒரு பழைய மர வீடு வாங்கினோம், வாசலுக்கே ஏழெட்டு படி ஏறணும், கீழ பாதி மண்ணுக்குள்ள பாதி வெளிய ஒரு பேஸ்மென்ட், அதுக்குத் தனி வாசல் தனி கிச்சன், நடந்தா பைப்ல தலை இடிக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவர்கிட்ட கேட்டா "போலிஷ் ஃப்ளாட்"னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டார். போலந்துல இருந்து வந்த குடும்பங்க முதல்ல சின்னதா வீடு கட்டிப்பாங்களாம், காசு சேர்ந்ததும் வீட்டையே ஜாக்கி வெச்சுத் தூக்கி அடியில ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடுவாங்களாம். நம்மூர்ல மேல மாடி எடுப்போம், இவங்க அடியில எடுத்திருக்காங்க!

சரி, நம்ம வீட்டுக்கு யார் அந்தக் குடும்பம்னு தேட ஆரம்பிச்சேன். பழைய சென்சஸ் ஷீட் எல்லாம் ஆன்லைன்ல ஃப்ரீயாவே கிடைக்குது, 1910 எடுத்து எங்க டோர் நம்பரைப் போட்டேன், ஒரு குடும்பம் வந்துச்சு, ரெண்டு வாரம் அவங்க பின்னாடியே அலைஞ்சு வீட்ல கதை வேற சொல்லிட்டேன். கடைசில லைப்ரரில ஒரு அம்மா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, 1930 வாக்குல ஊர்ல டோர் நம்பர், பல தெருப் பேர் எல்லாத்தையும் மாத்திட்டாங்கன்னு. நான் தேடினது யாரோ வேற வீட்டுக்காரங்களை. அசிங்கமா போச்சு.

அதனால அட்ரஸை நம்பாதீங்க, பத்திரத்துல இருக்கற லாட், பிளாக் நம்பரை (நம்மூர் மனை நம்பர் மாதிரி) பிடிங்க. கவுன்ட்டி ஆபீஸ்ல நம்மூர்ல வில்லங்கம் பாக்கற மாதிரியேதான், எனக்கு வித்தவர், அவருக்கு வித்தவர்னு பின்னாடியே போகணும். போரான வேலை, மூணு லீவு போச்சு.

சுவாரஸ்யமே சான்பார்ன் மேப்லதான். தீ இன்சூரன்ஸுக்காக ஒவ்வொரு வீட்டையும் வரைஞ்சு வெச்சிருக்காங்க, மர வீடுன்னா மஞ்சள், செங்கல்னா பிங்க். 1894 மேப்ல எங்க லாட்ல ஒரு குட்டி மஞ்சள் கட்டம், உள்ள '1'னு மட்டும், அதாவது ஒரே ஒரு தளம். 1910 மேப்ல அதே கட்டத்துல '1பி'. அந்த பி தான் பேஸ்மென்ட். வீட்டைத் தூக்கினது இந்தப் பதினாறு வருஷத்துக்குள்ளதான்! (வரிக் கணக்குல கட்டின வருஷம் 1900னு இருக்கு, 1894 மேப்லயே வீடு இருக்கறப்போ அதை விடுங்க.)

இப்போ மேப்ல இருந்த பழைய டோர் நம்பரை வெச்சு 1910 சென்சஸ்ல பாத்தா ஒரே நம்பர்ல ரெண்டு குடும்பம். மேல இருக்கறவங்களுக்கு சொந்த வீடு, அடமானம்னு குறிச்சிருக்கு, கீழ இருக்கறவங்க வாடகை. பிறந்த இடம்னு "ஜெர்மன் போலிஷ்"னு எழுதியிருக்கு, ஏன்னா அப்போ போலந்துன்னு தனி நாடே கிடையாது, அவங்க ஊர் ஜெர்மனி கையில இருந்துச்சு. 1920 ஷீட்ல அதே குடும்பத்துக்கு அடமானம்னு இருந்த இடத்துல 'எஃப்'னு ஒரே எழுத்து, கடன் அடைஞ்சாச்சுன்னு அர்த்தம். கீழ் வீட்டு வாடகைலதான் அடைச்சிருப்பாங்கன்னு நினைக்கறேன்.

1890 சென்சஸ் கேக்காதீங்க, 1921ல அதை வெச்சிருந்த ஆபீஸ்ல தீப்பிடிச்சு கிட்டத்தட்ட மொத்தமும் போயிடுச்சு. 1950து 2022ல வெளிய விட்டுட்டாங்க, அடுத்து அதைத்தான் பாக்கணும்.