பத்து நிமிஷம்

"எவ்வளவு நேரம் ஆகும் சார்?" என்று ஐசியூவில் இருந்து கேட்டார்கள். லேப் முடிவுகள் அவர்கள் கணினிக்கு வராமல் நின்றிருந்தன; மருத்துவமனையின் கணினி நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவன் நான். "பத்து நிமிஷம் சிஸ்டர்" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றுமே தெரியாது. என்ன நடந்திருக்கிறது, யார் உள்ளே இருக்கிறார்கள், எப்போது முடியும், எதுவும். பத்து என்று வாயில் வந்தது, சொல்லிவிட்டேன்.

லேப் சர்வரை, அதாவது பரிசோதனை முடிவுகளை வார்டுகளுக்கு அனுப்பும் கணினியை, நெட்வொர்க்கில் இருந்து துண்டித்ததற்காக யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. இரவு இரண்டே கால் மணி. அந்த சர்வரில், எல்லா அதிகாரமும் உள்ள அட்மின் கணக்கில், வெளியிலிருந்து ஒரு ரிமோட் இணைப்பு திறந்திருக்கிறது. சற்று நேரத்தில் அங்கிருந்து வரிசையாக மற்ற கணினிகளின் 445-ஆம் எண் போர்ட்டை, கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வாசலை, தட்டிப் பார்க்கிறது ஏதோ ஒன்று. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல், பிரிட்டிஷ் மருத்துவமனைகளுக்குள் பரவியதும் இந்தப் போர்ட் வழியாகத்தான். இதைப் பார்த்துவிட்டு விடியட்டும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் ஸ்விட்சில் போய் அந்த சர்வரின் இணைப்பை அணைத்தேன். ஒரே ஒரு கட்டளை.

அயர்லாந்தின் பொதுச் சுகாதாரச் சேவைக்கு 2021-இல் நடந்தது இந்த வேலையில் இருக்கும் பலருக்கும் மனப்பாடம். மார்ச் 18 அன்று ஒருவர் மின்னஞ்சலில் வந்த எக்செல் கோப்பைத் திறந்தார். மார்ச் 31 அன்று அந்தக் கணினியின் ஆன்ட்டிவைரஸ் தாக்குதல் கருவிகளை அடையாளம் கண்டது. ஆனால் அதைத் தடுக்கச் சொல்லி அமைக்கவில்லை, கவனிக்க மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். அது கவனித்தது. மே 14 அன்று ரேன்சம்வேர் எல்லாவற்றையும் பூட்டியது. அலாரம் அடித்தும் கை வைக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் எனக்கு வேண்டாம். ஆகவே துண்டித்தது சரி.

இதை எழுதும்போதே கவனிக்கிறேன், யாரும் கேட்காத கேள்விக்கு இரண்டு பத்தி பதில் சொல்லிவிட்டேன். என்னை உறுத்துவது துண்டித்தது இல்லை, அந்தப் பத்து.

அனலைசர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரத்தத்தைப் பரிசோதித்து முடிவைத் தன் திரையிலேயே காட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து லேப் சர்வர், லேப் சர்வரில் இருந்து வார்டில் இருக்கும் கணினி, இதுதான் பாதை. நான் அறுத்தது நடுவில் இருக்கும் கண்ணியை மட்டும். டெக்னீஷியன் திரையைப் பார்த்து எண்ணைப் போனில் சொல்ல, சிஸ்டர் எழுதிக்கொண்டு திருப்பி வாசித்துக் காட்டியிருந்தால் இரண்டு நிமிட வேலை. அதற்கென்று நடைமுறையும் அச்சடித்த தாளும் உண்டு. யாரும் அதை எடுக்கவில்லை. ஏன் எடுக்க வேண்டும்? பத்து நிமிடத்தில் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறேனே.

வார்டில் ஒரு நேரத்தைச் சொன்னால் அது உத்தரவு மாதிரி. பத்து நிமிஷம் என்றால் காத்திரு. ஒரு மணி நேரம் என்றால் பேப்பரை எடு, லேபுக்குப் போன் போடு, ஆளை அனுப்பு. நான் தகவல் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர்களைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

டெக்னீஷியனும் என்னைக் கூப்பிட்டார். அவருக்கும் அதே பத்து. ஐசியூவில் காத்திருந்தது ஒரு பொட்டாசியம் முடிவுக்காக. அது கொஞ்சம் கூடுதலாக இருந்தது அவருக்குத் தெரியும். ஆனால் உடனே போனில் சொல்லியே ஆக வேண்டிய அளவை அது தொடவில்லை. இப்போது சிஸ்டம் வந்துவிடும், அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார். அவர் இடத்தில் நானும் அப்படித்தான் விட்டிருப்பேன்.

இருபது நிமிடம் கழித்து மறுபடி போன். "சார், பத்து நிமிஷம்னு சொன்னீங்க." குரலில் கோபம்கூட இல்லை. "இன்னொரு பத்து நிமிஷம் சிஸ்டர், பார்த்துட்டே இருக்கேன்." முதல் பத்துக்குப் பதற்றம் என்று சாக்கு சொல்லலாம். இரண்டாவதுக்கு என்ன சொல்வது? அதற்குள் ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது, இது சீக்கிரம் முடியாது என்று. அப்புறமும் சொன்னேன்.

மொத்தம் 52 நிமிடம். உள்ளே இருந்தவர் திருடன் இல்லை. மென்பொருள் நிறுவனத்தின் எஞ்சினியர், ராத்திரி கூட்டம் இருக்காது என்று அப்டேட் போட்டுக்கொண்டிருந்தார். எந்தெந்தக் கணினியில் தங்கள் மென்பொருள் இருக்கிறது என்று அவருடைய கருவி தேடியதைத்தான் நான் தாக்குதல் என்று பார்த்தேன். அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. அவர் மேல் கோபப்படுவது வசதியாக இருந்தது, சில நாள் கோபப்பட்டேன். வெளியாட்களின் ரிமோட் இணைப்பு இப்போது கேட்டால் மட்டுமே திறக்கும், வேலை முடிந்ததும் மூடிவிடும். நல்ல மாற்றம்தான். அதற்கும் என் பத்துக்கும் சம்பந்தம் இல்லை.

நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. மருந்தை மாற்றுவது கொஞ்சம் தள்ளிப்போனது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். நான் மறுபடி மறுபடி கேட்டதில் அவருக்கே சலித்துவிட்டது. 2020 செப்டம்பரில் ஜெர்மனியில் டுசல்டார்ஃப் பல்கலைக்கழக மருத்துவமனை ரேன்சம்வேரால் முடங்கியபோது, அவசரமாகக் கொண்டுவரப்பட்ட ஒரு பெண்ணை வுப்பர்டால் நகருக்கு அனுப்பினார்கள். அவர் இறந்துவிட்டார். அந்தத் தாமதம்தான் சாவுக்குக் காரணம் என்று நிறுவ முடியாது என்று அரசு வழக்கறிஞர்கள் பிறகு சொன்னார்கள். 'நிறுவ முடியாது' என்பதை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா என்று அதைப் படித்தபோது யோசித்தேன். என்னிடம் இருப்பது அதைவிட எவ்வளவோ நல்ல பதில், 'ஒன்றும் ஆகவில்லை'. அதுவும் பெரிதாக உதவவில்லை.

அதன் பிறகு நேரம் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்கிறேன். போன மாதம் ஒரு ஸ்விட்ச் படுத்துவிட்டது. "எப்போ வரும்னு தெரியாது, பேப்பருக்குப் போயிடுங்க" என்றேன். போனார்கள். நான்கு நிமிடத்தில் எல்லாம் வந்துவிட்டது. பேப்பரில் எழுதியதை ஒருவர் உட்கார்ந்து சிஸ்டத்தில் ஏற்றினார், அதில் ஒரு எண் மாறி விழுந்திருந்தது. சரிபார்க்கும்போது பிடித்துவிட்டார்கள். அன்று பத்து நிமிஷம் என்று சொல்லியிருந்தால் அதுதான் சரியான பதிலாக இருந்திருக்கும்.

அந்த இரவைப் பற்றிய அறிக்கையை நான்தான் எழுதினேன். வேகமாகச் செயல்பட்டதாகப் பாராட்டு வந்தது. படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: 'பாதிக்கப்பட்ட பிரிவுகளுக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டதா?' 'ஆம், இரண்டு முறை' என்று எழுதியிருந்தேன். கோப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, திருத்தும் உரிமையும் இருக்கிறது. அந்த இடத்தில் வேறு என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.