புளி போட்டு மினுக்கிய கிண்ணம்

வீட்டில் பழைய பித்தளைச் சாமான் ஏதாவது கண்ணில் பட்டால் தயவுசெய்து புளியைத் தேடி ஓடாதீர்கள். நான் ஓடினேன். அதன் பலனைத்தான் இங்கே எழுதுகிறேன்.

களுவாஞ்சிகுடியில் அம்மம்மா வீட்டுக்கு ஓடு மாற்றும்போது பெட்டகத்தை வெளியே தூக்கி வைத்தோம். அடியில் பிடி உடைந்த பாக்குவெட்டி, நெளிந்த வெற்றிலைத் தட்டம், அவற்றோடு கறுத்துப்போன ஒரு சின்னக் கிண்ணம். பெரிய தேசிக்காயைப் பாதியாக வெட்டினால் வரும் அளவுதான், ஆனால் கையில் எடுத்தால் அந்த அளவுக்குப் பொருந்தாத பாரம். சுவர் தடிப்பு, அடி அதைவிடத் தடிப்பு, பிடி இல்லை, கால் இல்லை. அம்மாவுக்கு அது சந்தனக் கிண்ணம். மாமாவுக்கு அது குத்துவிளக்கில் கழன்ற துண்டு. மச்சான், அரிசியை இழுக்கும் அபூர்வப் பாத்திரம் என்று வாட்ஸ்அப்பில் பார்த்த எதையோ வைத்துக்கொண்டு "அரிசியை இழுக்குதா பாருங்க" என்று நின்றான். ஒரு பிடி அரிசியைக் கொட்டியும் பார்த்தோம், அதையும் ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும். இழுக்கவில்லை.

அன்றைக்கே புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டேன். அரை மணித்தியாலம் கை வலிக்கத் தேய்த்தது எனக்குப் பெருமையாக வேறு இருந்தது.

பிறகு தொடங்கியது அலைச்சல். கல்முனையில் பழைய பித்தளை எடுக்கும் நானா தராசில் போட்டு, கிலோ விலைக்குக் கணக்குப் பார்த்து, தேத்தண்ணிக் காசு சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் வியாபாரம் அது. குறை சொல்ல வேண்டியது மட்டக்களப்பில் நான் போன அலுவலகத்தை. பெயர் வேண்டாம். பஸ் ஏறி, வெயிலில் நடந்து போய், "இது என்ன சாமான் என்று தெரிஞ்சுகொள்ளலாமா?" என்று மேசையில் வைத்தேன். லிகிதர் கிண்ணத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார். "எங்க தோண்டினது?" தோண்டவில்லை, பெட்டகத்தில் இருந்தது என்றேன். "அதுக்கு என்ன அத்தாட்சி?" பெட்டகத்துக்கு யார் அத்தாட்சி வைத்திருப்பார்கள்? கிராம சேவகரின் கடிதத்தோடு வரச் சொன்னார், பார்க்க வேண்டிய ஐயாவும் அன்றைக்கு வெளியே போய்விட்டாராம். ஒரு நாள் வேலை, போகவர பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு எல்லாம் போனதுதான் மிச்சம்.

திரும்பும் வழியில் ஆத்திரத்தோடு ஒரு நகைப் பட்டறைக்குள் நுழைந்தேன். கிண்ணம் தங்கமா என்று கேட்க அல்ல, சரியான நிறை தெரிந்தால் நல்லது என்று. பத்தர் ஐயாவுக்கு எண்பது வயதிருக்கும். மின்தராசில் வைத்தார்: 61.27 கிராம். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்பக்கத்தைத் தடவினார். "மனே, இது கடைசல் வேலை. உள்ளுக்க வட்டம் வட்டமாத் தேய்ஞ்சிருக்கு பார், வெளியிலயும் அப்படித்தான். இதுக்குள்ள இன்னொண்டு இருந்திருக்கு, இது இன்னொண்டுக்குள்ள இருந்திருக்கு." இரண்டு வாரம் நான் கையில் வைத்து உருட்டியும் பார்க்காததை அவர் இரண்டு நிமிடத்தில் பார்த்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

அந்த ஒரு வசனத்தோடு ஹொலண்டில் இருக்கும் சித்தப்பாவின் மகனுக்குப் படம் அனுப்பினேன். அவன் பழைய படிக்கல், அதாவது தராசில் நிறை பார்க்க வைக்கும் எடைக்கல், சேகரிக்கும் ஒரு பெரியவரிடம் காட்டினான். அவர் முதலில் கேட்டது: "மினுக்கினீர்களா?" மினுக்கினேன் என்று எழுதவே வெட்கமாக இருந்தது. அடுத்ததாக, அறை விளக்கை அணைத்துவிட்டு போன் டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுக்கச் சொன்னார். இதை நானே முதல் நாள் செய்திருக்கலாம். நேர் வெளிச்சத்தில் வெறும் கீறலாகத் தெரிந்தவை சாய்ந்த வெளிச்சத்தில் முத்திரைகளாக எழும்பி நின்றன: ஓர் எழுத்து, அதன் பக்கத்தில் மணியைப் போல ஒரு சின்ன உருவம்.

சந்தனக் கிண்ணமாம், விளக்குத் துண்டாம். அது தராசுப் படிக்கல்! ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அடுக்குப் படிக்கல்லில் ஒரு கிண்ணம். ஜெர்மனியின் நியூரம்பேர்க் நகரத்துக் கொல்லர்கள் இவற்றைச் செய்து ஐரோப்பா முழுவதற்கும் விற்றார்கள். ஒவ்வொரு கொல்லருக்கும் ஓர் அடையாள உருவம் உண்டு. மூடியோடு சேர்த்து வெளிக்கிண்ணத்தின் நிறையும் உள்ளே இருக்கும் எல்லாவற்றினதும் கூட்டு நிறையும் ஒன்று. ஓர் இறாத்தல், அதாவது 16 அவுன்ஸ், அடுக்கென்றால் வெளியே 8 அவுன்ஸ், உள்ளே 4, 2, 1 என்று பாதி பாதியாகக் குறைந்து, கடைசி இரண்டு மட்டும் சமமாக இருக்கும். கூட்டிப் பார்த்தேன், கணக்குச் சரியாக 16க்கு வந்தது. ராத்திரி பத்து மணிக்கு அம்மாவை எழுப்பிச் சொன்னேன், ஏச்சு வாங்கினேன்.

எந்த நாட்டு அவுன்ஸ் என்பதில்தான் புளி விளையாடியது. ட்ரோய் என்ற பழைய நிறைக் கணக்கில் ஒல்லாந்தரின் இறாத்தல் 492.17 கிராம், அதில் 2 அவுன்ஸ் 61.52. பிரித்தானிய ட்ரோய் என்றால் 62.21. என் கிண்ணம் 61.27. ஒல்லாந்தக் கணக்குக்குத்தான் கிட்ட. ஆனால் தேய்ந்ததில் எவ்வளவு பழைய தேய்மானம், எவ்வளவு என் சாம்பல்? மினுக்காமல் நிறுத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திராது. நல்ல வேளை, முத்திரைகள் ஒல்லாந்தப் பக்கம் சாய்ந்தன. நெதர்லாந்து 1820இல் மெற்றிக் அளவைக்கு மாறியதால் கிண்ணம் அதற்கு முந்தியது, இலங்கையை ஒல்லாந்தர் விட்டது 1796, ஆகவே அதற்கும் முந்தியதாகத்தான் இருக்கும் என்றார் பெரியவர். 1638இல் ஒல்லாந்தர் பிடித்த மட்டக்களப்புக் கோட்டையைச் சின்ன வயதிலிருந்து பஸ்ஸில் கடந்து போகிறேன், அவர்களுடைய சாமான் எங்கள் வீட்டிலேயே சந்தனம் குழைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

சந்தோசம் இரண்டு நாள்தான். 1815 மார்ச் 2க்கு முந்திய சாமான் என்றால் அது தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிறது, 1940ஆம் ஆண்டுச் சட்டம். வயது தெரியாத வரைக்கும் கிண்ணம், வயது தெரிந்ததும் தொல்பொருள். ஹொலண்டுத் தம்பி "பார்சலில் போடு, இங்க நேரில காட்டுவம்" என்றான். போட்டுவிடாதீர்கள், அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். கல்முனை நானாவிடம் விற்காததும் எங்கள் நல்ல காலம்.

திரும்ப அதே அலுவலகம். இம்முறை கிராம சேவகர் கடிதத்தோடு அம்மாவின் சாமத்திய வீட்டுப் படத்தையும் கொண்டுபோனேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் தட்டத்தின் ஓரத்தில், சந்தனத்தோடு, அதே கிண்ணம். லிகிதர் படத்தை நெடுநேரம் பார்த்தார், முதல் தடவையாகச் சிரித்தார், பதிவுப் புத்தகத்தை எடுத்தார். பெட்டகத்துக்கு அத்தாட்சி கேட்டவருக்கு அம்மாவே அத்தாட்சி.

எழுதியதை எட்டிப் பார்த்தேன்: "பித்தளைச் சந்தனக் கிண்ணம் - 1."

"ஐயா, இது சந்தனக் கிண்ணம் இல்ல, ஒல்லாந்தர் காலத்துப் படிக்கல்."

"படத்தில சந்தனம்தானே இருக்கு. பேனையால எழுதியாச்சு தம்பி."