கடலிலிருந்து பார்த்த ஜெராய்

ஜெராய் மலையைப் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணிப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வடக்கு என்றாலே ஜெராய்தான். உச்சியில் மேகம் உட்கார்ந்துவிட்டால், "மலை தொப்பி போட்டுருச்சு, துணியை எடுங்க" என்று லயத்து வீட்டு வாசலிலிருந்து அம்மா குரல் கொடுப்பார். அப்பாவும் சாயங்காலம் ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்து வைப்பார். ராத்திரி மழை பிடித்தால் மறுநாள் மரம் சீவ முடியாது, கூலியும் கிடையாது.

அதே மலையைக் கடலிலிருந்து பார்க்க எனக்கு நாற்பத்தாறு வயதாக வேண்டியிருந்தது.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள் நான்கு பேர். ஒருவன் கப்பலில் எஞ்சினியராக இருந்து கரைக்கு வந்தவன். பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கிப் பழுது பார்த்து வைத்திருக்கிறான். முப்பது அடி நீளம், ஒற்றைப் பாய்மரம், உள்ளே நான்கு பேர் நெருக்கிப் படுக்கலாம். இன்னொருவன் ஆசிரியர், அவனை வாத்தியார் என்றே கூப்பிடுவோம். நான்காவது ஆள் அவனுடைய தம்பி. பினாங்குத் தீவிலிருந்து லங்காவித் தீவுக்குப் பாய் விரித்தே போவது என்று முடிவானது. நேராகப் போனால் சுமார் 60 கடல் மைல். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் கிளம்பினோம். அந்த மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்று வீசினாலும் இந்தக் கரையில் கடல் பெரும்பாலும் அடங்கித்தான் இருக்கும். தீபகற்பத்தின் நடு மலைத்தொடர் அதன் வேகத்தைத் தடுத்துவிடுகிறது.

விடிகாலை நான்கு மணிக்கு நங்கூரத்தை எடுத்தோம். எஞ்சின் சத்தத்தில் தீவை விட்டு விலகி, காற்று கிடைத்ததும் பெரிய பாயை ஏற்றினோம். படகு இடப்பக்கம் சாய்ந்து நிலைகொண்டது. படகுக்காரன் எஞ்சினை அணைத்தான். அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வது! தண்ணீர் பலகையை உரசிக்கொண்டு ஓடுகிற சத்தம் மட்டும். சுக்கானை என் கையில் கொடுத்து, "இறுக்கிப் பிடிக்காதே, அது உன்கிட்டப் பேசும்" என்றான். உண்மைதான். காற்று கூடும்போது பிடி உள்ளங்கையை இழுக்கிறது, குறையும்போது லேசாகிறது. பத்து நிமிடத்தில் பாயை அண்ணாந்து பார்க்காமலே கையால் காற்றை அறிய முடிந்தது.

ஏழரை மணிக்கு வெளிச்சம் வந்தது. பொட்டலம் நாசி லெமாக்கைப் பிரித்துப் பசியாறினோம்.

ஒன்பது மணி இருக்கும். வலப்பக்கம் திரும்பிய வாத்தியார், "அது எந்தத் தீவு?" என்று கேட்டான். தொலைவில் நீலமாக, பெரிதாக, தன்னந்தனியாக ஒரு மலை. சுற்றிலும் தண்ணீர். நான்கு பேரும் அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தோம். கைபேசியில் வரைபடத்தை விரித்த பிறகுதான் விளங்கியது. ஜெராய்!

காரணம் எளிதுதான். அப்போது கரை 30 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்தது. படகில் உட்கார்ந்திருப்பவனின் கண் தண்ணீரிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவனுக்கு அடிவானம் ஆறு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். கெடாவின் நெல்வயல் சமவெளி, ஊர்கள், தென்னைகள் எல்லாம் பூமியின் வளைவுக்குக் கீழே இறங்கிவிட, 1,217 மீட்டர் மலை மட்டும் மிச்சம் நிற்கிறது. வானம் தெளிவாக இருந்தால் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் அது தெரியும்.

அப்புறம் யாரும் ரொம்ப நேரம் பேசவில்லை.

பள்ளிச் சுற்றுலாவில் மெர்போக் அருங்காட்சியகத்துக்கும், அங்கே மலையடிவாரத்தில் இருக்கும் சண்டி புக்கிட் பத்து பகாட் என்னும் பழங்காலக் கோயிலுக்கும் எங்களைக் கூட்டிப்போயிருக்கிறார்கள். கடாரம் என்பது இந்தக் கெடாதான், 1025-இல் ராஜேந்திர சோழனின் கடற்படை இங்கே வந்தது என்றெல்லாம் ஆசிரியர் சொன்னதைப் பரீட்சைக்கு எழுதியிருக்கிறோம். அந்தக் காலத்துக் கப்பல்கள் ஏன் இங்கே வந்தன என்று நான் கேட்டதில்லை. படகில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது விடை கண்ணுக்கு முன்னால் இருந்தது. இலங்கையின் தென்முனையும் ஜெராயும் ஏறக்குறைய ஒரே அட்சக்கோட்டில், ஆறு பாகை வடக்கில் இருக்கின்றன. அங்கிருந்து நேர் கிழக்கே பாய் விரித்தால், நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் நடுவே உள்ள கடல்வழியாக நுழைந்து, கடைசியில் எதிரே எழும் மலை இதுதான். கரை தெரிவதற்கு முன்பே தெரியும் மலை. அதன் அடியில் ஆற்றுமுகம், குடிநீர், ஒதுங்க இடம். வணிகர்கள் வேறெங்கே போவார்கள்!

எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. அவர் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். அந்தக் கப்பல் 1926 முதல் எழுபதுகள் வரை நம் ஆட்களை இந்தக் கடலில் ஏற்றி இறக்கியது. மேல்தட்டில் பாயை விரித்துப் படுத்து வந்த கதையைச் சொல்லும்போதெல்லாம், "கடல்லேருந்து மலை முளைச்சு வந்துச்சுப்பா" என்பார். கிழவர் எதையோ அழகாகச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் பார்த்தது பினாங்கு மலையா, ஜெராயா என்பது இனி தெரிய வழியில்லை. ஆனால் அவர் கண்ணால் கண்டதைத்தான் அப்படியே சொல்லியிருக்கிறார்.

பதினொரு மணிக்குக் காற்று செத்துவிட்டது. பாய் துவண்டு தொங்க, எஞ்சினைப் போட்டோம். பாயார் தீவு தெரிய ஆரம்பித்த நேரத்தில் படகு ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. எஞ்சின் விசிறியில் மீன்வலை. மிதவை ஒன்று பின்னால் இழுபட்டுக் கிடந்தது. சுக்கானில் இருந்த நான் அதைப் பார்க்கத் தவறிவிட்டேன். படகுக்காரன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, பல் வைத்த கத்தியோடு இறங்கினான். நைலான் வலை சூட்டில் உருகி, தண்டைச் சுற்றிக் கல்லாக இறுகியிருந்தது. முக்கால் மணி நேரம், மூச்சுப் பிடித்துப் பிடித்து, விரல் நீளத் துண்டுகளாக அறுத்து எடுத்தான். அதற்குள் வலைக்குச் சொந்தக்காரர் சிறு படகில் வந்துவிட்டார். வயதான மலாய்க்காரர். அவர் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமே என்று எனக்கு மனது பதைத்தது. "பக் சிக், மன்னிக்க வேண்டும்" என்று மலாயில் சொல்லிப் பணத்தை நீட்டினேன். "தாக் அப்பா, தாக் அப்பா, பரவாயில்லை" என்று முதலில் மறுத்தார். வாத்தியார் வற்புறுத்தியதும் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு, ஆறு கெம்போங் மீனை எடுத்து எங்கள் வாளியில் போட்டார். தமிழ்நாட்டில் கானாங்கெளுத்தி என்பார்களே, அதே மீன்தான். எந்தப் பக்கம் வலை கிடக்கிறது, எந்தப் பக்கமாக விலகிப் போக வேண்டும் என்பதையும் கைகாட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

பாயார் கடல் பூங்கா; பவளப்பாறை மேல் நங்கூரம் போடக் கூடாது. தள்ளி நின்று பச்சைத் தண்ணீரைப் பார்த்ததோடு சரி.

இருட்டுவதற்குச் சற்று முன்னால் லங்காவித் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த டாயாங் புந்திங் தீவின் மேற்குப் பக்கம், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய கால்வாயில் நங்கூரம் இறக்கினோம். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, அதன் வெடிப்புகளில் மரம். மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி மீனைப் பொரித்து, சுடுசோற்றோடு தின்றோம். அதைவிட ருசியான கெம்போங்கை நான் சாப்பிட்டதில்லை.

மறுநாள் தீவின் நன்னீர் ஏரிக்குப் போனோம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு மெல்லிய பாறைச்சுவர்தான். இந்தத் தண்ணீரைக் குடித்தால் குழந்தை பிறக்கும் என்பது ஊர் நம்பிக்கை. நீந்திவிட்டுப் படகுக்குத் திரும்பியபோது செம்பருந்துகள் தலைக்கு மேலே வட்டமிட்டன. ஒன்று தண்ணீருக்குச் சாய்ந்து இறங்கி, கால் மட்டும் நனைய மீனைக் கொத்திக்கொண்டு எழுந்தது. இறக்கையின் செம்பழுப்பு, தலையின் வெள்ளை எல்லாம் அவ்வளவு பக்கத்தில். பருந்துக்கு மலாயில் ஹெலாங். லங்காவி என்ற பெயரே அதிலிருந்துதான் வந்தது என்பார்கள்.

மூன்றாம் நாள் இருட்டிலேயே திரும்பக் கிளம்பினோம். தீவின் தென்முனையைத் தாண்டியதும் கிழக்கு வெளுத்தது. சூரியன் எழும் இடத்துக்குக் கொஞ்சம் வலப்பக்கம், அடிவானத்தில் சின்னதாக ஒரு கறுப்பு முக்கோணம். இந்த முறை யாரும் வரைபடத்தைப் பார்க்கவில்லை.

கைபேசியில் ஒரு கோடு சிக்னல் இருந்தது. படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"ஜெராய் தானே அது?"

"ஆமாப்பா, கடல்லேருந்து."

"இவ்வளவு சின்னதா இருக்கே. தொப்பி போட்டிருக்கா?"

"இல்லப்பா, வெறுந்தலைதான்."

"அப்ப சரி, மழை இல்லை. பத்திரமா வாங்க."